இரண்டாம் விண்ணப்பம்



2024-ஆம் ஆண்டு மே மாதத்தின் முதல் வாரம். அஸர் தொழுகை முடிந்து சற்று நேரம் ஆகியிருந்தது. எங்கள் மகளின் கைபேசிக்கு அவள் மாதக்கணக்கில் எதிர்பார்த்திருந்த மின்னஞ்சல் வந்தது. அவள் அதை வாசித்து முடிப்பதற்குள், முகத்தைக் கண்டே செய்தியைப் புரிந்துகொண்டு, பெற்றோராகிய நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொன்னோம்: "நஸீபு இல்லம்மா."

அச்சொல்லில் அன்பு இருந்தது. ஆறுதலும் இருந்தது. எவ்வளவு விரைவாக அது எங்கள் வாயிலிருந்து புறப்பட்டது என்பதை மட்டும் அன்று நாங்கள் கவனிக்கவில்லை. பல மாதங்கள் கழித்து அவளே ஒருநாள் சொன்னாள்: "நான் இரண்டாவது வரியைத்தான் படிச்சிட்டு இருந்தேன். அதுக்குள்ள நீங்க கதவைச் சாத்திட்டீங்க." அந்தக் கதவை அவள் மீண்டும் திறந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறோம். மேற்படிப்பின் வாசலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு காத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் பல உண்டு என்பதால் எழுதுகிறோம்.

நாங்கள் உத்தமபாளையத்திலிருந்து சென்னைக்கு வந்தவர்கள். அசோக் நகரில் சிறியதோர் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறோம். ஒயர், சுவிட்சு, மின்விசிறி, மோட்டார் ஸ்டார்ட்டர் ஆகியவையே எங்கள் சரக்கு. வீட்டில் நாங்கள் இருவர், மகள், அவளுடைய நன்னி என நால்வர். மகள் பி.காம். முடித்துவிட்டுக் கிண்டியில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்து வந்தாள். அசோக் நகர் மெட்ரோவில் ஏறி, ஆலந்தூரில் மாறி, அடுத்த நிலையத்தில் இறங்கிவிடலாம். பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பான வேலை, பாதுகாப்பான வழித்தடம். எங்களுக்கு அதுவே போதுமாயிருந்தது, அவளுக்குப் போதவில்லை. மேலாண்மை படிக்க வேண்டும், அதுவும் ஐ.ஐ.எம். ஒன்றில் படிக்க வேண்டும் என்றாள்.

"யாவாரம் நம்ம ரத்தத்துலயே இருக்கு, அதுக்கு ஒரு படிப்பா?" என்று உறவினர் கேட்டனர். இதே கேள்வியைத் தங்கள் வீட்டிலும் கேட்டிருக்கும் வாசகர்கள் இருப்பீர்கள். உண்மையைச் சொன்னால், மூன்று தலைமுறையாகக் கடை நடத்தியும் எங்கள் கடை ஒரு கடையாகவே இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் கோபப்பட்டிருப்போம்.

2023 நவம்பர் 26-ஆம் தேதி அவள் கேட் தேர்வு எழுதினாள். இரண்டு மணி நேரத் தேர்வு அது. மொழித்திறன், தரவு ஆய்வு, கணிதம் என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடங்கள். ஒரு பகுதியில் மிச்சமாகும் நிமிடத்தை அடுத்த பகுதிக்கு எடுத்துக்கொள்ள இயலாது. அந்த ஆண்டு ஏறத்தாழ 2.88 இலட்சம் பேர் எழுதினர். டிசம்பர் 21-இல் முடிவு வந்தபோது அவளுடைய பெர்சன்டைல் 97-க்குச் சற்று மேல். நாங்கள் அதை நூற்றுக்கு 97 மதிப்பெண் என்று எண்ணி, பள்ளிவாசலில் நண்பர்களுக்கெல்லாம் இனிப்பு வழங்கிவிட்டோம். அவள் பிறகு பொறுமையாக விளக்கினாள்: எழுதியவர்களில் நூற்றுக்கு 97 பேர் தனக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள், ஆயினும் மீதமுள்ள மூன்று விழுக்காடு என்பதே எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், பெயர்பெற்ற கழகங்களின் இடங்களை நிரப்ப அவர்களே போதும்.

ஒரேயொரு கழகத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பிப்ரவரியில் பெங்களூரில் நடந்தது. எங்களில் ஒருவர் உடன் சென்று வாசலில் தஸ்பீஹ் எண்ணியபடி அமர்ந்திருந்தோம். இருபது நிமிடத்தில் வெளியே வந்தவள், "நல்லாத்தான் பேசினேன் அத்தா" என்றாள். திரும்பி வரும் இரயிலில் ஜோலார்பேட்டை வரை வேறெதுவும் பேசவில்லை.

மே மாத மின்னஞ்சலுக்குப் பிறகு உறவினர் ஆறுதல் சொல்ல அழைத்தனர். வாரன் பஃபெட்டை 1950-இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளி நிராகரித்த கதையை மட்டும் நான்கு பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அவர் மறுபடியும் ஹார்வர்டின் கதவைத் தட்டவில்லை, கொலம்பியாவுக்குப் போய்விட்டார். அப்படியிருக்க, அக்கதை எங்களுக்கு என்ன சொல்ல வந்தது என்பது இன்றளவும் விளங்கவில்லை. வேறு சிலர் நடைமுறை வழிகளைக் காட்டினர். அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் எழுதலாம்; லயோலா வளாகத்திலேயே லிபா இருக்கிறது; வண்டலூரில் கிரசென்ட் இருக்கிறது; இராயப்பேட்டையில் மியாசி இருக்கிறது; வீட்டிலிருந்தே போய்வரலாமே என்றனர். நல்ல யோசனைகள்தாம். ஊரிலிருந்து பெரியத்தா மட்டும் படிப்பைப் பற்றிப் பேசவில்லை. கம்பத்தில் ஒரு நல்ல குடும்பம், மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார், ஜாதகமெல்லாம் நமக்கு இல்லை, பிள்ளையைப் பார்த்துவிட்டு ஆகஸ்டில் முடித்துவிடலாம் என்றார்கள். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

மூன்று வாரங்கள் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது மகள் மெதுவாகச் சொன்னாள்: "திரும்ப அப்ளை பண்ணப் போறேன்."

மீண்டும் விண்ணப்பிப்பது என்றால் பழைய விண்ணப்பத்தைத் தூசு தட்டி அனுப்புவது என்றே நாங்கள் எண்ணினோம். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் மறுபடியும் வருவோருக்கென்றே தனிக் கட்டுரை கேட்கிறார்கள்: சென்ற முறைக்குப் பிறகு உன்னிடம் என்ன மாறியிருக்கிறது என்று. நம் நாட்டு ஐ.ஐ.எம்.களின் வழி வேறு. கேட் மதிப்பெண் அடுத்த ஆண்டு டிசம்பர் 31 வரைதான் செல்லும். எனவே, அடுத்த சேர்க்கைக்குத் தேர்வு முதற்கொண்டு அனைத்தும் புதிதாக எழுத வேண்டும். முன்பு வந்து திரும்பியவள் என்ற குறிப்பு எவருக்கும் தேவையில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களும் கணக்கில் சேரும்; அவற்றை மாற்றவும் முடியாது. ஓராண்டு முழுவதும் உழைத்து, மாற்றக்கூடியதை மட்டும் மாற்றிக்கொண்டு, அதே வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அந்த ஓராண்டு பெண்பிள்ளையின் ஓராண்டு. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அல்லாஹ் விதித்ததை ஏற்றுக்கொள்ளாமல் முட்டிமோதுவது ஈமானுக்கு அழகா என்று நாங்கள் கேட்டோம். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே எங்களுக்கு அந்த ஐயம் இருந்தது. இஸ்திகாரா தொழுதோம். நன்னியும் தொழுதார்கள். நன்னிக்குக் கனவொன்றும் வரவில்லை. அதையே 'வேண்டாம்' என்பதற்கான அடையாளம் என்றார்கள். கடைசியில் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களிடம் போனோம்.

ஹஜ்ரத் அவர்கள் சிரித்தார்கள். இஸ்திகாரா என்பது நன்மையைத் தேடிக் கேட்கும் துஆ. கனவுக்குக் காத்திருக்க வேண்டுமென்று யார் சொன்னது என்று கேட்டார்கள். பிறகு யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவூட்டினார்கள். ஒரு மகனை இழந்து, பல ஆண்டுகள் அழுது, பார்வையும் மங்கி, பின்னர் இன்னொரு மகனையும் பிரிந்த நிலையில், அந்த நபி தம் பிள்ளைகளை மறுபடியும் தேடிப் பார்க்க அனுப்பினார்கள் அல்லவா? அவர்களைவிட விதியை ஏற்றுக்கொண்டவர் யார்? "நடந்து முடிந்ததுக்குத்தான் கத்ர்னு பேர் வைக்கலாம். நடக்காததுக்கு இப்பவே பேர் வைக்க உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டார்கள். விடைபெறும்போது, "முதல்ல அந்தப் புள்ள ஏன் தோத்துச்சுன்னு பாருங்க. அதைப் பார்க்காம நஸீபுன்னு சொல்றது, கணக்குப் பார்க்காம நட்டம்னு சொல்ற மாதிரி" என்றார்கள். கடைக்காரருக்குக் கடைக்காரர் மொழியிலேயே சொன்னது உறைத்தது.

அன்றிரவு கடையின் பழைய பற்று வரவு நோட்டு ஒன்றில் ஒரு வெற்றுப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மூவரும் அமர்ந்தோம்.

முதலில் வெளிவந்தது ஒரு சான்றிதழ் விவகாரம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்களிடம் தமிழ்நாட்டு அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சாதிச் சான்றிதழ் இருந்தது. 2007 முதல் மாநிலத்தில் நமக்குள்ள 3.5 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டுக்கு உதவுவது அது. ஐ.ஐ.எம். மத்திய அரசின் நிறுவனம், அங்கே அது செல்லாது என்று கேள்விப்பட்டு, முதல் விண்ணப்பத்தில் பொதுப்பிரிவு என்று குறித்துவிட்டோம். கேள்விப்பட்டது பாதி உண்மை. மாநிலச் சான்றிதழ் அங்கே செல்லாதுதான். ஆனால் இராவுத்தர், மரக்காயர், லெப்பை ஆகியோர் மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் இருக்கிறார்கள். 2008 முதல் மத்தியக் கல்வி நிறுவனங்களில் அப்பிரிவினருக்கு 27 விழுக்காடு இடங்கள் உண்டு. ஆண்டு வருமானம் 8 இலட்ச ரூபாய் வரம்புக்குள் இருந்தால், அதற்குரிய தனிச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தின் வழியாகப் பெற வேண்டும். விண்ணப்பிக்கும்போதே அது கையில் இருக்க வேண்டும். எங்கள் கடை வருமானம் அந்த வரம்புக்குள்தான் இருந்தது. ஆக, எங்களுக்குரிய வாசலை விட்டுவிட்டு வேறு வாசலில் போய் நின்றிருந்தோம். இதையும் நஸீபின் தலையில்தான் கட்டியிருந்தோம்.

மகளுக்கு இதில் தயக்கம் இருந்தது. சலுகையில் போனவள் என்று சொல்வார்களே என்றாள். நம் பிள்ளைகள் பலரிடம் இந்தக் கூச்சத்தைக் காண்கிறோம். சச்சார் குழு 2006-இல் அளித்த அறிக்கையில் ஓர் எண் இருக்கிறது. அன்று நாட்டின் ஐ.ஐ.எம்.கள் அனைத்திலும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்த 4,743 மாணவர்களில் முஸ்லிம்கள் 63 பேர், நூற்றுக்கு 1.3. அந்த எண்ணைக் கேட்டவுடன் அவள் கூச்சம் போய்விடவில்லை. ஆனால் மறுநாள் சான்றிதழுக்கு மனு எழுதினாள்.

சான்றிதழ் எளிய தவறு, திருத்திக்கொள்ளலாம். இரண்டாவது விஷயம்தான் எங்கள் உறக்கத்தைக் கெடுத்தது.

நேர்காணலில் உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டோம். மூன்று மாதங்களாக அவள் சொல்லாததை அன்று சொன்னாள். கடையைப் பற்றிக் கேட்டார்களாம். நாங்கள் அசோக் நகரில் கடை நடத்துகிறோம், நாங்கள் இவ்வளவு வாடிக்கையாளர்களைச் சேர்த்தோம், வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் மீண்டோம் என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். நடுவில் அமர்ந்திருந்த அம்மையார் குறுக்கிட்டு, "இதிலெல்லாம் நீங்கள் செய்தது எது?" என்று கேட்டிருக்கிறார். மகள் சற்று யோசித்துவிட்டு, "நாங்கள் எல்லாவற்றையும் சேர்ந்தே செய்வோம்" என்றிருக்கிறாள். அவர் மீண்டும் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டிருக்கிறார். இவளும் அதே பதிலை வேறு சொற்களில் சொல்லியிருக்கிறாள். பிறகு அவர்கள் வேறு கேள்விக்குப் போய்விட்டார்கள்.

நாங்கள் மௌனமாயிருந்தோம். ஏனெனில் அவள் அங்கே மறந்துபோய் அப்படிப் பேசவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் பேச வேண்டும். சிறுவயதில் பள்ளியில் பரிசு வாங்கிக்கொண்டு வந்து "நான் முதலாவதா வந்தேன்" என்று அவள் துள்ளும்போதெல்லாம், நன்னி அவள் வாயில் மெல்லத் தட்டுவார்கள்: "நான், நான்னு சொல்லாதே தாயீ. நான்னு சொன்னவன் இப்லீஸ்." நாங்களும் அதைச் சரியென்றே எண்ணினோம். பெருமை கூடாது என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. இருபத்து மூன்று ஆண்டுகளாக அவளுக்கு ஒரு சொல்லை மறக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, அச்சொல்லைக் கேட்டுத் தேர்வு செய்யும் இடத்துக்கு அனுப்பியிருந்தோம்.

இதைக் கேட்ட ஹஜ்ரத் அவர்கள் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் வேறோர் இடத்தைக் காட்டினார்கள். சிறையிலிருந்து வெளியே வந்து மன்னரின் முன் நின்றபோது, நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு அந்த நபியே கேட்டார்கள். தாம் பாதுகாக்கக்கூடியவர், அறிந்தவர் என்று தம்மைப் பற்றித் தாமே எடுத்துரைத்தார்கள். இப்லீஸும் 'நான்' என்றான். அவன் பேசியது தன் பிறப்பை. நெருப்பு மண்ணைவிட உயர்ந்தது என்று இன்னொருவருக்கு மேலே ஏறி நின்றான். யூசுஃப் (அலை) அவர்கள் பேசியது செய்யக்கூடிய வேலையை. எவருக்கும் மேலே ஏறவில்லை, ஒரு சுமைக்கு அடியில் தோள் கொடுத்தார்கள். சொல் ஒன்றுதான் என்று ஹஜ்ரத் அவர்கள் சொன்னார்கள். நன்னியிடம் வந்து இதைச் சொன்னோம். அவர்கள் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தப் புள்ளைய நான் தட்டினது தப்பா?" என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை.

சரி, அவள் செய்தது என்ன? நோட்டில் எழுதத் தொடங்கினோம். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலின்போது எங்கள் கடையில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. கேட் தேர்வு முடிந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. கீழ்த்தட்டில் இருந்த சரக்கு முழுவதும் நனைந்தது. ஏறத்தாழ ஆறு இலட்ச ரூபாய்ச் சரக்கு. அத்தனையையும் குப்பையாகவே நாங்கள் பார்த்தோம். அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தவள் மூன்று பட்டியல் போட்டாள். உலர்த்தி விற்கத்தக்கவை, உற்பத்தியாளர் திரும்பப் பெறக்கூடியவை, விட்டுவிட வேண்டியவை. ஒயர்ச் சுருள்களின் முனையை வெட்டிச் சோதித்தால் பெரும்பாலானவை பிழைக்கும். வைண்டிங் நனைந்த மின்விசிறியையும், சேறு புகுந்த எம்.சி.பி.யையும் விற்பது வாங்குபவர் உயிரோடு விளையாடுவது. அவை மூன்றாவது பட்டியல். வீணான சரக்குக்கு முன்பு எடுத்துக்கொண்ட ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற சட்டத்தைத் தணிக்கை அலுவலகத்தில் இருந்ததால் அவள் அறிந்திருந்தாள், எங்களுக்குத் தெரியாது. கட்டாமல் விட்டிருந்தால் பின்னாளில் வட்டியோடு கேட்டிருப்பார்கள். வட்டி வாங்குவதற்கு மட்டுமன்றிக் கொடுப்பதற்கும் அஞ்சும் வீட்டில் அது சிறிய உதவியன்று.

பிறகு பற்று நோட்டைக் கையில் எடுத்தாள். எங்களிடம் கடன் சொல்லிச் சரக்கெடுக்கும் எலெக்ட்ரீசியன்கள் 41 பேரின் பாக்கி அதில் இருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு நாங்கள் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தவை. வெள்ளம் வடிந்த வாரத்தில் நகரம் முழுவதும் அவர்களுக்கு வேலை குவிந்துகொண்டிருந்தது. அவள் ஒவ்வொருவருக்கும் பேசினாள். பழைய பாக்கியில் பாதியைக் கொடுத்தால் புதுச் சரக்கு உடனே தருகிறோம் என்றாள். 23 பேர் கொடுத்தார்கள். ஜனவரியில் கடை எழுந்து நின்றது அந்தப் பணத்தில்தான்.

இவற்றில் ஒரு வரிகூட முதல் விண்ணப்பத்தில் இல்லை. அவளும் எழுதவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. வீட்டு வேலையை யாராவது விண்ணப்பத்தில் எழுதுவார்களா என்றே எண்ணியிருந்தோம். சமையல், பெருக்கல், கடைக்கணக்கு எல்லாம் எங்களுக்கு ஒரே கணக்கு. மகனாக இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்போமோ என்ற எண்ணம் அன்று எங்களில் தாயானவருக்கு வந்தது. தந்தையானவர் மறுக்கவில்லை.

பெரியத்தாவிடம் ஓராண்டு தவணை கேட்டோம். கம்பத்துச் சம்பந்தம் காத்திருக்கவில்லை. அது குறித்து நன்னிக்கு இன்றளவும் வருத்தம் உண்டு; அந்த வருத்தத்தில் நியாயமில்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

அந்த ஆண்டின் உழைப்பை விரிவாக எழுதத் தேவையில்லை. படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகள் எல்லாம் அறிந்ததே. தஹஜ்ஜுதுக்கு எழுந்து, சுபுஹு தொழுதுவிட்டு வேலைக்குக் கிளம்பும்வரை கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். மாற்றம் நிகழ்ந்தது வேறிடத்தில். எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் இருக்கிறார். இவளுடைய தேவையை அறிந்து, தாமே முன்வந்து மாலைகளில் நேர்காணல் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறை எளிது. ஆங்கிலத்தில் பதில் சொல்லும்போது அவள் 'வீ' என்று தொடங்கினால் கையிலிருக்கும் டம்ளரால் மேசையைத் தட்டுவார். 'ஐ' என்று தொடங்கும்வரை தட்டிக்கொண்டே இருப்பார். முதல் வாரம் அந்த ஓசை கீழ்வீட்டில் எங்களுக்குக் கேட்டுக்கொண்டேயிருந்தது. "சாமி கும்பிடுறாரா?" என்று நன்னி கேட்டார்கள்.

2024 நவம்பர் 24-இல் இரண்டாம் முறை தேர்வு எழுதினாள். டிசம்பர் 19-இல் முடிவு வந்தது. இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: பெர்சன்டைல் சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைந்திருந்தது. ஓராண்டு உழைப்புக்குப் பிறகு! அன்று அவள் அழுதாள். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சொல் நாவின் நுனிவரை வந்து நின்றது. எனினும் இம்முறை உரிய பிரிவில் விண்ணப்பித்திருந்ததாலும், ஒரே கழகத்தைக் கண்வைக்காமல் பலவற்றுக்கு எழுதியிருந்ததாலும், நான்கு அழைப்புகள் வந்தன.

அவற்றுள் இரண்டு நேர்காணல்கள் 2025 மார்ச்சில், ரமளானில் அமைந்தன. நோன்போடு போனாள். ஒன்றில் அவளிடம், வட்டியை உங்கள் மார்க்கம் தடுக்கிறது, நிதியியலை எப்படிப் படிப்பீர்கள் என்று கேட்டார்களாம். குத்தலாக அன்று, அறியும் ஆவலோடுதான் கேட்டார்கள் என்றாள். அவள் கடையிலிருந்தே பதில் சொன்னாள். டீலரிடம் ரொக்கத்துக்கு ஒரு விலை, 45 நாள் தவணைக்கு வேறொரு விலை. பேரம் முடியும்போதே விலை ஒன்றாகத் தீர்ந்துவிடும், பிந்தினால் ஏறாது. இதை எங்கள் அறிஞர்களில் பெரும்பான்மையோர் அனுமதித்த வணிகம் என்கிறார்கள். காலத்துக்கு விலையில் ஓர் இடம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கொடுத்த கடன் தானாகக் குட்டி போடுவதைத்தான் மறுக்கிறேன். இரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டை எங்கே போடுவது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். இதைச் சொல்லி முடித்தபோது தான் எத்தனை முறை 'நான்' என்றோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்ததாம். அன்று மஃரிப் பாங்கு ஒலித்தபோது இரயிலில் பேரீச்சம்பழத்தோடு இருப்பதாகச் செய்தி அனுப்பினாள்.

முடிவுகள் ஏப்ரல், மே மாதங்களில் ஒவ்வொன்றாக வந்தன. முதலாண்டு மறுத்த அதே கழகம் இரண்டாம் முறையும் மறுத்தது. இன்னொன்று காத்திருப்போர் பட்டியலில் வைத்து, அங்கேயே விட்டுவிட்டது. மற்றொன்று மறுத்தது. நான்காவது, அவ்வளவாகப் பெயர் பேசப்படாத, பிற்காலத்தில் தொடங்கப்பட்ட ஐ.ஐ.எம்.களில் ஒன்று, அவளைச் சேர்த்துக்கொண்டது. அல்ஹம்துலில்லாஹ். முதல் மறுப்பு வந்த மாலையில் அவள் அதை எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினாள், கடைசி வரிவரை. நாங்களும் கடைசி வரிவரை கேட்டோம்.

இரண்டாண்டுக் கட்டணம் ஏறத்தாழ 18 இலட்ச ரூபாய். வங்கிகள் இக்கழகங்களின் மாணவர்களுக்குத் தாராளமாகவே கடன் தருகின்றன, வட்டிக்கு. வேறு வழியில்லாதவர் நிலை குறித்து அறிஞர்களிடையே கருத்துகள் உண்டு. அதில் நாங்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டோம், எடுத்தவர்களைக் குறை சொல்லவும் மாட்டோம். எங்களுக்கு வேறு வழி இருந்தது. அது லாக்கரில் இருந்தது. அவள் பிறந்ததிலிருந்து திருமணத்துக்கென்று சேர்த்த 14 பவுன். ஆண்டுதோறும் அதற்கு ஜகாத் கொடுத்து வந்தோம். அந்த மாதங்களில் பவுன் விலை எழுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. எடுத்துப் போய் விற்ற நாளில் எங்களில் தாயானவர் கடைவாசல்வரை வந்து, உள்ளே வராமல் நின்றுவிட்டார். எப்படியும் இவளுக்கு நகை கேட்கும் வீடு நமக்கு வேண்டாம் என்று நம் மேடைகளில் எல்லோரும் பேசுகிறோம். நகையில்லாத கழுத்தோடு அவளை ஒரு வீட்டில் நிறுத்தும் நாள் எப்படியிருக்கும் என்பது வந்தால்தான் தெரியும். அவளுடைய மூன்றாண்டுச் சேமிப்பு இரண்டரை இலட்சம் இருந்தது. கட்டணத்தைப் பருவம் பருவமாகக் கட்டலாம் என்பதும், குடும்ப வருமானம் பார்த்துத் தரும் உதவித்தொகைக்கு மனுச் செய்யலாம் என்பதும் ஆறுதல். இன்னும் இடைவெளி இருந்தது.

எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. சம்பந்தம் கைநழுவியதில் எங்களோடு சரியாகப் பேசாதிருந்த பெரியத்தா, ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினார்கள். நான்கு இலட்சம் தருகிறேன், கர்ளு ஹஸனா, அவள் வேலைக்குப் போய் முடிந்தபோது திருப்பித் தரட்டும் என்றார்கள். எங்களுக்குள் எழுத்து எதற்கு என்றும் சொன்னார்கள். மகள்தான் கேட்கவில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லித்தானே குர்ஆனின் மிக நீளமான வசனம் இருக்கிறது என்று கூறிவிட்டு, ஒரு தாளை எடுத்து, தொகை, தேதி, திருப்பித் தரும் காலம் எல்லாவற்றையும் அழகிய கையெழுத்தில் எழுதினாள். பெரியத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக வாசித்தார்கள். கடன் பெறுபவர் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார்கள்.

"உன் பேர் மட்டும் இருக்கு. உங்க அத்தா பேர் எங்கே?"

"சாட்சிக்குப் போட்டிருக்கேன் பெரியத்தா, கீழே பாருங்க."